கிட் பீரில் எதைச் சேர்ப்பது: ஹாப்ஸா, மல்லியா, மாம்பழமா, டிகாஷனா?

ஆஸ்திரேலியாவில் வீட்டில் பீர் போட ஆரம்பிக்கும் எவர் கையிலும் முதலில் வருவது 1.7 கிலோ எடையுள்ள ஒரு தகர டப்பாதான். பெரும்பாலும் அது கூப்பர்ஸ் கிட்டாக இருக்கும். தாமஸ் கூப்பர் 1862-இல் அடிலெய்டில் தொடங்கிய அந்த நிறுவனம் இன்றும் பீரும் விற்கிறது, வீட்டிலேயே போட்டுக்கொள்ள டப்பாவும் விற்கிறது. டப்பாவுக்குள் இருப்பது கெட்டியான மால்ட் பாகு, அதாவது முளைகட்டிய பார்லியின் பாகு. ஹாப்ஸ் என்ற கொடிப்பூவின் கசப்பு அதில் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கும். மேலே பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் 7 கிராம் ஈஸ்ட். பாகை ஒரு பெரிய வாளியில் வெந்நீர் விட்டுக் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, 23 லிட்டர் வரும்வரை தண்ணீர் ஊற்றி, ஈஸ்ட்டைத் தூவி மூடிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. ஒரு வாரம், பத்து நாளில் நொதித்து முடியும். பாட்டிலில் அடைத்து இன்னும் இரண்டு வாரம் பொறுத்தால் முக்கால் லிட்டர் பாட்டிலாக முப்பது தேறும்.

குடிக்கலாம். குறை சொல்லவும் முடியாது, புகழவும் முடியாது. இரண்டாவது டப்பாவை வாங்கும்போதே "இதில் ஏதாவது போட்டுப் பார்த்தால் என்ன?" என்று கை துறுதுறுக்கும். யாரைக் கேட்டாலும் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்ததைச் சொல்வார்கள். ஹாப்ஸ் என்பார் ஒருவர், பழம் என்பார் இன்னொருவர், எசன்ஸ் போட்டால் போயிற்று என்பார் மூன்றாமவர். எல்லாமே நடைமுறையில் உள்ளவைதான். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு எல்லாம் ஒன்றல்ல.

இதைத் தமிழ்நாட்டில் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். ஆஸ்திரேலியாவில் சொந்தக் குடிக்கு பீர் போட உரிமம் தேவையில்லை. விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கக் கூடாது, அவ்வளவுதான். பிரிட்டனிலும் 1963-லேயே அந்த உரிமத்தை எடுத்துவிட்டார்கள். மற்ற நாட்டில் இருப்பவர்கள் உள்ளூர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

எதைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கும்முன் வாளிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நொதிக்கும்போது ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமும் கரியமில வாயுவும் ஆக்குகிறது. அந்த வாயு நாள்கணக்கில் குமிழியிட்டு வெளியேறும். போகும்போது சும்மா போவதில்லை, வாசனையையும் அள்ளிக்கொண்டு போகும். ஆக, ஆரம்பத்தில் போட்ட பொருளின் இனிப்பை ஈஸ்ட் தின்றுவிடும், மணத்தை வாயு கொண்டுபோய்விடும். கசப்பு, புளிப்பு, காரம், நிறம் இவை மட்டும் பெரிதாகக் குறையாமல் தங்கும். எதை எப்போது போட வேண்டும் என்பதற்கு இந்த ஒரு கணக்குப் போதும். என் கட்சி இதுதான்: நொதித்து அடங்கிய பிறகு, சுவைத்துப் பார்த்துச் சேர்க்க முடிகிற பொருளே தொடக்கக்காரருக்கு ஏற்றது. மீதியெல்லாம் அதற்குப் பிறகு.

அதற்கும் முன்னால் சர்க்கரையைக் கவனியுங்கள். ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரை போட்ட பீர் தண்ணீராக இருக்கும். அதன்மேல் எந்த மணத்தை ஏற்றினாலும் உட்காராது. பாதி டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்), பாதி உலர் மால்ட் தூள் என்று மாற்றினாலே பீருக்கு ஒரு கனம் வரும். வாளி 18 முதல் 21 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. பிரிஸ்பேன் கோடையில் கராஜில் வைத்து 30 டிகிரியில் நொதிக்கவிட்ட பீரை எந்த ஏலக்காயும் காப்பாற்றாது.

இனி ஹாப்ஸ். என் பட்டியலில் முதல் இடம் இதற்கே. கடையில் பச்சை நிறத்தில், அழுத்திச் செய்த சிறு துண்டுகளாக, காற்று புகாத பையில் கிடைக்கும். ஆஸ்திரேலிய ரகமான கேலக்ஸி பையைக் கத்தரித்ததும் பேஷன்ஃப்ரூட் வாசம் மூக்கில் அடிக்கும். அமெரிக்காவில் 1972-இல் வெளியான கேஸ்கேடில் பம்ப்ளிமாஸ் தோலின் மணமும் கொஞ்சம் பூ மணமும் இருக்கும். பிட்டர் என்ற ஆங்கிலேய வகை பீர் கிட்டாக இருந்தால் கிழக்கு கென்ட் கோல்டிங்ஸ் என்ற ஹாப்ஸ் ரகம். கிட் பாகில் கசப்பு ஏற்கெனவே இருப்பதால் ஹாப்ஸைக் கொதிக்கவைக்க வேண்டியதில்லை. வேகவைத்தால் கசப்பு கூடும், மணம் ஆவியாகும். நமக்கு வேண்டியது மணம் மட்டும்.

வழி இரண்டு. ஒன்று, நொதித்தல் அடங்கும் தறுவாயில் 25 முதல் 50 கிராம் வரை நேராக வாளியில் போட்டு மூன்று நான்கு நாள் விடுவது. கொதிநீரில் போட்டெடுத்த மெல்லிய துணிப்பையில் கட்டிப் போட்டால் பாட்டிலில் அடைக்கும்போது துகள் தொல்லை இல்லை. பையைத் தளர்வாகக் கட்டுங்கள், உள்ளே ஹாப்ஸ் ஊறிப் பருக்கும். இரண்டாவது, 25 கிராமை ஒரு லிட்டர் 80 டிகிரி வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றை ஊற்றுவது. இதில் மணம் கொஞ்சம் குறைவு. ஆனால் பை, துகள் எதுவும் வேண்டாம்.

ஹாப்ஸுக்கு இன்னொரு சாதகம், அது கெட்டுப்போக விடாது. பீரில் ஹாப்ஸ் சேர்க்கும் பழக்கம் நிலைத்ததற்கு அதன் கிருமியெதிர்ப்புக் குணமும் ஒரு காரணம். பழத்துக்கும் மசாலாவுக்கும் படுகிற அளவுக்கு இதில் சுத்தம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பாதகமும் உண்டு. ஹாப்ஸ் மணத்துக்குக் காற்று பரம எதிரி. வாளியை அடிக்கடி திறந்து மூடினாலோ, பாட்டிலில் சளசளவென்று ஊற்றினாலோ மணம் மங்கி அட்டைப்பெட்டி வாடை வந்துவிடும். தவிர, ஹாப்ஸில் இருக்கும் நொதிகள், ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்ட மாவுச்சத்தை உடைத்துக் கொடுத்து, அடங்கிய நொதித்தலை மறுபடியும் லேசாகக் கிளப்பும். அதனால் ஹாப்ஸ் போட்ட பிறகும், மிச்சமுள்ள சர்க்கரையைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் இரண்டு நாள் ஒரே எண் காட்டும்வரை பாட்டில் பக்கம் போகாதீர்கள். வீட்டில் நாய் இருந்தால் ஊறிய ஹாப்ஸைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள். நாய் தின்றால் உடல் சூடு தாறுமாறாக ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

மசாலா விஷயத்தில் நம் ஆட்களுக்கு இயல்பாகவே ஒரு துணிச்சல் உண்டு. அதுதான் பயமும். 23 லிட்டரில் நாலு கிராம்பு போட்டு, பாட்டில் திறக்கும்போது பல் டாக்டர் அறை வாசம் வீசினால் முப்பது பாட்டிலையும் என்ன செய்வது? மசாலாவைப் போட்டபின் எடுக்க முடியாது, ஈஸ்ட்டும் அதைத் தின்னாது.

ஆனால் மசாலா பீருக்கு அந்நியமும் இல்லை. பெல்ஜியத்தின் வெள்ளைக் கோதுமை பீரில் மல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போடுவது பழைய வழக்கம். வழக்கொழிந்துபோன அந்த பீரை ஹூகார்டன் ஊரில் பியர் செலிஸ் 1960-களில் மறுபடியும் எடுத்து வைத்தார். உருண்டையான மொராக்கோ மல்லியைவிட, சற்று நீளமாக இருக்கும் இந்திய மல்லியில் எலுமிச்சை மணம் தூக்கலாக இருக்கிறது என்று அதைத் தேடிப் பிடித்து வாங்கும் வெள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள். நமக்கு அது இந்தியன் ஸ்டோரில் கால் கிலோ பாக்கெட். பொடி வேண்டாம், முழு விதையாக 15 முதல் 20 கிராம் எடுத்து, அம்மியிலோ உரலிலோ இரண்டாக உடையும்படி மட்டும் நசுக்கவும். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கும்போது அதில் போட்டு, வெள்ளைப்பகுதி ஒட்டாமல் சீவிய ஆரஞ்சுத் தோலும் அதே அளவு சேர்த்து ஐந்து நிமிடத்தில் அடுப்பை அணைக்கவும். மூடி ஆறவைத்து, வடித்து, நொதித்து அடங்கும் நேரத்தில் வாளியில் ஊற்றவும். கோதுமைக் கிட்டுக்கும், லாகர் என்ற வெளிர் பீர் கிட்டுக்கும் இது கச்சிதமாகப் பொருந்தும். பழைய மல்லியில் மட்டும் செய்யாதீர்கள். மணம் போன மல்லி, வேகவைத்த காய்கறி வாடையைக் கொடுக்கும்.

ஏலக்காய், பட்டை, கிராம்பு போன்ற முரட்டுப் பொருள்களுக்கு வோட்காதான் வழி. பத்து ஏலக்காயைத் தட்டி 100 மில்லி வோட்காவில் மூன்று நான்கு நாள் ஊறவிடுங்கள். கிருமி பயமும் தீர்ந்தது, அளவும் நம் கைக்கு வந்தது. எப்படி என்றால், பாட்டிலில் அடைக்கும் அன்று 100 மில்லி பீரை ஒரு டம்ளரில் எடுத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சால் 0.1 மில்லி சாறு விட்டுச் சுவையுங்கள். போதவில்லை என்றால் இன்னொரு 0.1. இரண்டாவதில் சரி என்று பட்டால் 100 மில்லிக்கு 0.2. 23 லிட்டரில் 100 மில்லி 230 முறை அடங்கும், ஆக மொத்தம் 46 மில்லி சாறு. நான் அந்தக் கணக்கிலும் கால்வாசி குறைத்தே ஊற்றுவேன், ஏனென்றால் டம்ளரில் ஒரு மிடறு குடிக்கும்போது ருசிக்கிற ஏலக்காய், முழு பாட்டில் குடிக்கும்போது திகட்டும். இதே முறையில் நன்னாரி வேரை ஊறவைத்து, டார்க் ஏல் என்ற கருமையான பீரில் விட்டால் அருமையாக வரும். நன்னாரி சர்பத்தைத் தொடாதீர்கள், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

பழம். கேட்கும்போது எல்லாருக்கும் ஆசை வருவதும் இதில்தான், ஏமாற்றம் கிடைப்பதும் இதில்தான். மாம்பழ பீர் என்றதும் நாம் நினைப்பது அல்போன்சாவின் இனிப்பை. அந்த இனிப்பு முழுக்கச் சர்க்கரை. 850 கிராம் டின்னில் வரும் மாம்பழக் கூழ் மூன்றை ஊற்றினாலும் ஈஸ்ட் அத்தனையையும் தின்று, லேசான புளிப்பும் எங்கோ தூரத்தில் மாம்பழ நினைப்பும் மட்டும் மிஞ்சும். ஸ்ட்ராபெரி இன்னும் மோசம், நிறம்கூட நிற்பதில்லை. எந்தப் பழத்தின் அடையாளமே புளிப்பில் இருக்கிறதோ அது பிழைக்கும். ராஸ்பெரி, பேஷன்ஃப்ரூட், புளிப்புச் செர்ரி. பெல்ஜியக்காரர்கள் க்ரீக் என்ற பீரைப் புளிப்புச் செர்ரியில் போடுவது சும்மா இல்லை.

பழம்தான் என்று முடிவு செய்தால் உறைந்த ராஸ்பெரி இரண்டு கிலோ வாங்குங்கள். உறையும்போது பழத்தின் திசு உடைந்துவிடுவதால் சாறு சுலபமாக இறங்கும். கொதிக்க வைக்காதீர்கள், பழத்தின் பெக்டின் என்ற பசைப்பொருள் இறங்கிப் பீர் கலங்கலாகவே நிற்கும். நொதித்தல் அடங்கிய பிறகு போட்டு, இன்னும் ஒரு வாரம் விடுங்கள். பழச் சர்க்கரையால் நொதித்தல் மறுபடி தொடங்கும். அது முழுக்க முடியாமல் பாட்டிலில் அடைத்தால் கண்ணாடி வெடிக்கும். பழ பீருக்குக் கண்ணாடி பாட்டிலே வேண்டாம் என்பேன். பிளாஸ்டிக் பாட்டிலாக இருந்தால் விரலால் அழுத்திப் பார்த்து அழுத்தம் ஏறுவதைக் கண்டுபிடித்துவிடலாம். செலவும் யோசிக்க வேண்டியது. இரண்டு கிலோ ராஸ்பெரியின் விலை கிட்டின் விலையையே தொட்டுவிடும்.

ஸ்டௌட் என்ற கருநிற பீரின் கிட் வாங்கியவருக்கு இவ்வளவு யோசனையே வேண்டாம். காபி. கருக வறுத்த பார்லியின் சுவை ஏற்கெனவே காபியின் அண்டை வீடு என்பதால் சண்டை வராது. 100 முதல் 150 கிராம் கொரகொரப்பாக அரைத்த காபியை ஒரு லிட்டர் ஆறவைத்த கொதிநீரில் போட்டு, ஃப்ரிட்ஜில் ஒரு நாள் வைத்து, காபி ஃபில்டர் தாளில் வடித்து, பாட்டில் அடைக்கும் அன்று சேருங்கள். சூடான டிகாஷனும் வேலை செய்யும், ஆனால் ஸ்டௌட்டின் கசப்போடு டிகாஷன் கசப்பும் சேர்ந்து நாக்கின் பின்பக்கம் சாம்பலாக நிற்கும். சிக்கரி கலந்த தூளா என்று கேட்பீர்கள். கலந்ததே இருக்கட்டும். அமெரிக்காவின் டாக்ஃபிஷ் ஹெட் கம்பெனி சிக்கரி போட்ட ஸ்டௌட்டையே விற்றிருக்கிறது. கோகோவும் ஸ்டௌட்டுக்கு ஒத்துவரும். கோகோ தூள் அடியில் சேறாகத் தங்கிவிடும், உடைத்த கோகோ விதை 150 கிராம் வோட்காவில் நனைத்துப் போடுவது மேல். காபி, கோகோ இரண்டிலும் எண்ணெய்ப்பசை உண்டு, நுரை சற்றுக் குறையும்.

கருப்பட்டி, தேன், நாட்டுச் சர்க்கரை பற்றிப் பலர் கேட்கிறார்கள். இவை பெரும்பாலும் சர்க்கரைதான். சாராய அளவு ஏறும், பீர் வறண்டு போகும், தேன் மணம் குமிழியோடு போகும். கருப்பட்டியின் புகை மணம் மட்டும் ஸ்டௌட்டில் கொஞ்சம் தங்கும். 250 கிராம் அளவுக்குச் சர்க்கரைக்குப் பதிலாகப் போட்டால் பாதகமில்லை. உண்மையிலேயே இனிப்பு வேண்டும் என்றால் லாக்டோஸ் போடுங்கள். பீர் ஈஸ்ட்டால் பால் சர்க்கரையைத் தின்ன முடியாது. பால் ஒத்துக்கொள்ளாத விருந்தாளிக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எசன்ஸ் என்றாலே மூக்கைச் சுளிக்கும் கூட்டம் ஒன்று உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. செயற்கை வாடை தெரியும் என்பது உண்மை, ராஸ்பெரி எசன்ஸில் மிட்டாய்ச் சுவைதான் வரும். ஆனால் பாட்டில் அடைக்கும் நாளில், சிரிஞ்ச் கணக்கில், ஐந்து லிட்டருக்கு மட்டும் கலக்க முடிகிற பொருள் வேறு எது? நொதிக்காது, கெடாது, மீதி 18 லிட்டருக்கு எந்தச் சேதமும் இல்லை. பார்க்க வேண்டியது லேபிளை. எசன்ஸ் வேறு, சிரப் வேறு. நன்னாரி சர்பத், ரோஸ் சிரப், காபிக் கடை வெனிலா சிரப் எல்லாம் சர்க்கரைப் பாகு. பாட்டிலில் நுரைக்காகப் போடும் சர்க்கரைக்கு மேல் இதுவும் சேர்ந்தால் பழத்துக்குச் சொன்ன அதே வெடிதான். கேக்குக்குப் போடும் எண்ணெய் வகை எசன்ஸும் ஆகாது, நுரையே நிற்காது.

எதையும் சேர்க்காமலே சுவையை மாற்றும் வழி ஒன்றும் இருக்கிறது. மூடிக்கடியில் இருக்கும் ஈஸ்ட்டை எடுத்து வைத்துவிட்டு வேறு ஈஸ்ட் போடுவது. ஃபெர்மென்டிஸ் கம்பெனியின் யூ.எஸ்-05 சுத்தமாக நொதித்து ஹாப்ஸ் மணத்துக்கு இடம் விடும். எஸ்-04 ஆங்கிலேய ஏல்களின் பழ வாசம் கொடுக்கும். கோதுமைக் கிட்டில் டபிள்யூ.பி-06 போட்டால் கிராம்பு வாசமும், கொஞ்சம் சூடு கூடினால் வாழைப்பழ வாசமும் தானாக வரும். பவேரியாவில் 1516-ஆம் ஆண்டுத் தூய்மைச் சட்டம் மசாலாவை அனுமதிக்காமல் இருந்தும் அந்த ஊர்க் கோதுமை பீரில் கிராம்பு மணப்பது இந்த வகை ஈஸ்ட்டால்தான். 11.5 கிராம் பொட்டலம் ஒன்று ஹாப்ஸ் பை ஒன்றின் விலைக்குக் கிடைக்கும். மேல்வேலை எதுவும் இல்லை.

ஆகவே வெளிர் ஏல் கிட் வைத்திருப்பவர் ஈஸ்ட்டை மாற்றி 25 கிராம் கேலக்ஸி போடட்டும். லாகரோ, அதே ஜாதி மெக்சிகன் செர்வேசாவோ என்றால் மல்லியும் ஆரஞ்சுத் தோலும். ஸ்டௌட்டுக்குக் காபி. கோதுமைக் கிட்டுக்கு முதலில் ஈஸ்ட், பழ ஆசை தீரவில்லை என்றால் அடுத்த முறை ராஸ்பெரி. மாம்பழத்தை நறுக்கித் தட்டில் வைத்துப் பக்கத்தில் பீர் குடியுங்கள். ஒரு வாளிக்கு ஒரு பொருள் மட்டும். இரண்டு மூன்றைச் சேர்த்துப் போட்டால் நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. எதுவும் முடிவாகவில்லை என்றால் வாளியில் ஒன்றும் போடாமல் நொதிக்க விட்டு, பாட்டில் அடைக்கும் அன்று ஐந்து லிட்டருக்கு ஏலக்காய்ச் சாறு, ஐந்து லிட்டருக்குக் காபி என்று பிரித்து, மீதியை அப்படியே அடைத்துவிடுங்கள்.

எப்போது குடிக்கப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்து முடிவெடுங்கள். ஹாப்ஸ் மணம் இரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது, காபி மணமும் மெல்ல இறங்கும். மசாலா பீர் முதல் மாதம் முரண்டு பிடித்துப் பிறகு அடங்கும். தீபாவளிக்கு நண்பர்களைக் கூப்பிடுவதாக இருந்தால் மசாலா போட்ட வாளியை மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள், ஹாப்ஸ் வாளியை ஐந்து வாரம் முன்னால் தொடங்கினால் போதும்.